தினமும் ஏன் விழுங்க வேண்டும்?

காசநோய்க்கு ஆறு மாதம் தினமும் மாத்திரை. ஷிஃப்ட் மாறி மாறி உழைக்கும் அம்பத்தூர்த் தொழிலாளிக்கு அது பெரும்பாடு. ஏன் தினமும்? காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் வயிற்று அமிலத்தில் ஓரளவு சிதைகிறது; கூடவே விழுங்கும் ஐசோநியாசிட் அந்தச் சிதைவை விரைவாக்குகிறது. தப்பிக் குடலில் உறிஞ்சப்பட்ட மருந்தும் ஒரே நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

இதற்கு வழி தேடி, சண்டிகரில் ஆய்வாளர் ஜி.கே. குல்லரின் குழு, மருந்தைப் பாலிமர் நுண்துகள்களுக்குள் அடைத்தது. உடலில் தானே கரையும் அறுவைத் தையல் நூலிலும் இருக்கும் அதே வகைப் பாலிமர். அது வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காத்து, ஈரத்தில் மெல்லச் சிதைந்து, லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களாகப் பிரியும். உள்ளிருக்கும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். 2003இல் வெளியான அவர்கள் ஆய்வில், பத்து நாளுக்கொரு முறை வாய்வழி கொடுத்த 5 வேளை, சாதாரண மருந்தை தினம் ஒன்றாகக் கொடுத்த 46 வேளைக்கு ஈடாக எலிகளின் கிருமியை ஒழித்தது. எலியில்தான், ஆனாலும் மனிதரிடம் சோதித்தே ஆகவேண்டிய வழி இது.