நகக் குறிகளும் மூட்டுவாதமும்

அற்றனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே, மழையும் மூடுபனியும் மிக்க மலைச்சாரலில் அமைந்தது கொட்டகலை. அதனைச் சூழ்ந்த தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்டிர்க்கு விரல் நுனியே கருவி. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுந்தோறும் நகமும் விரலின் இறுதி மூட்டும் ஒருங்கே உழைக்கின்றன. அவ்விரண்டையும் ஒருசேரப் பற்றும் நோய் ஒன்றுண்டு. அது சொரியாசிஸ் மூட்டுவாதம் எனப்படும்.

சொரியாசிஸ் செந்நிறத் தடிப்பும் வெள்ளிய செதிளுமாகத் தோலில் தோன்றுவது, தொற்றும் இயல்பினதன்று. எனினும் இதனைக் குட்டநோயென மயங்கி நோயாளரை ஒதுக்கிய கொடுமை ஐரோப்பாவிலும் நெடுங்காலம் நிலவிற்று. வியன்னாவில் எப்ரா என்னும் மருத்துவர் 1841இல் இரண்டினையும் தெளிவுறப் பிரித்துக் காட்டினார். மருத்துவ நூல்களில் ஒழிந்த அம்மயக்கம் மக்கள் மனத்தினின்றும் முற்றாக ஒழிந்ததெனல் அரிது. இந்நோயுடையோருள் ஒரு சாராருக்கு, பெரும்பாலும் தோல்நோய் தோன்றிப் பல ஆண்டு கழிந்தபின், மூட்டழற்சி உண்டாகின்றது. அவர்களுள் நூற்றுக்கு 80 பேர் வரையில் நகமாற்றம் காணப்படும்.

நகத்தை ஆக்கும் திசு நகத்தின் அடியிலே தோலுள் மறைந்துள்ளது. அழற்சி அதனைப் பற்றுங்கால், செவ்வனே முதிராத கலங்கள் நகத்தின் மேற்புறத்தே இடையிடையே அமைந்து பின் உதிர்கின்றன. உதிர்ந்த இடங்கள் தையற்காரர் விரலுறையிலுள்ள குழிகள் போலத் தோன்றும். நகப்படுக்கை தாக்குறின், நகம் நுனியினின்று கழன்றெழும். எண்ணெய்த்துளி பரந்தாற்போன்ற மஞ்சட்கபில நிறம் தெரியும். கீழே செதிள் திரண்டு நகம் தடிக்கும்.

நகத்துக்கும் மூட்டுக்கும் உறவு யாதெனின், விரலை நிமிர்த்தும் தசைநாண் இறுதி மூட்டைக் கடந்து எலும்பிற் பொருந்துமிடத்து, அதன் நார்கள் மேலும் பரந்து நகத்தின் வேரைத் தழுவி நிற்கின்றன. அழற்சி முதலிற் பற்றுவது இத்தகைய பொருத்திடங்களையே என்பது ஆய்வாளர் சிலரின் கொள்கை. ஆதலின் நகங்கெட்ட விரலிலேயே இறுதி மூட்டும் வீங்குதல் தற்செயலன்று. றுமற்றோயிட் மூட்டுவாதமோ அம்மூட்டைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. 2006இல் வெளியான காஸ்பார் அளவைகளில் நகமாற்றமும் ஒரு புள்ளியாக இடம்பெற்றுள்ளது.

தோட்டங்களில் இக்குறியை அறிதல் எளிதன்று. தேயிலைச் சாற்றின் கறை விரல் நுனியைக் கறுப்பாக்கிவிடும். ஈரத்திற் பூஞ்சணம் பற்றிய நகமும் இவ்வாறே தடித்துக் கழலும். சில வேளை இரண்டும் ஒரே நகத்தில் இருத்தலுமுண்டு. எனவே நகத்துணுக்கைச் சோதித்த பின்னரே பூஞ்சண மருந்து தொடங்குதல் தகும். குளிரால் வந்த வாதமென்று தைலத்தோடு அமைதல் அதனினும் தீது. மூட்டுவாத வைத்தியரை அடைய ஆறு மாதம் தாழ்த்தாலும் எலும்பரிப்பு மிகும் என 2015இல் வெளியான அயர்லாந்து ஆய்வொன்று காட்டிற்று.

மெதொத்திரெக்சேற் முதலிய மருந்துகள் மூட்டைக் காக்க உதவுகின்றன. கருவுற்றோரும் கருவுற விழைவோரும் அம்மருந்தை உட்கொள்ளலாகாது. இதனை வைத்தியரிடம் முன்னரே கூறுதல் வேண்டும். கைந்நகம் திங்களுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றரே வளர்வதாதலின், புதுநகம் நிரம்ப ஆறு மாதம் செல்லும். அதற்குள் பயனில்லையென மருந்தை நிறுத்துவோர் உளர். காயம் இந்நோயைத் தூண்டுமாதலால், நகத்தை ஒட்ட நறுக்கி, கீழே குத்திச் சுரண்டாது, கொழுந்து பறிக்குங்கால் விரலுக்குத் துணிச்சுற்று இட்டுக்கொள்ளுதல் நன்று. நனைந்த சுற்றை உடனே மாற்றவும் வேண்டும்.