"அம்மா, கடல் மறுபடியும் வருமா?"

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைச் சுனாமி கொண்டு போயிற்று. பிழைத்த குழந்தைகளில் பலர் அலைச் சத்தம் கேட்டாலே நடுங்கினார்கள்.

அப்படி ஒரு குழந்தை, "கடல் மறுபடியும் வருமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "வரவே வராது, பேசாம தூங்கு!" என்றுதான் வாயில் வரும். ஆனால், அடுத்த முறை அலை கொஞ்சம் உயர்ந்தாலும் கடலோடு சேர்த்து அம்மாவின் பேச்சையும் அது சந்தேகப்படும்.

"எப்பவாவது வரலாம், கண்ணு. ஆனா இப்போ முன்னாடியே எச்சரிக்க ஆள் இருக்காங்க. சொன்னவுடனே மேட்டுக்குப் போயிடலாம். நான் உன் கையைப் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். இது பொய்யில்லை. ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இரவு பகலாகக் கடலைக் கவனித்து வருகிறது.

வீட்டில் ஒரு சாவு நேர்ந்தாலும் இதே வழிதான். "தாத்தா தூங்கறார்" என்றால் குழந்தை தூங்கவே பயப்படும். "ஊருக்குப் போயிருக்கார்" என்றால் வாசலைப் பார்த்தபடி காத்திருக்கும். "இறந்து போயிட்டார், இனிமே வரமாட்டார். நாங்க உன்கூட இருக்கோம்" என்று மடியில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

விட்டுப்போன பழக்கமாகப் படுக்கையை நனைக்கலாம், விரல் சூப்பலாம். திட்டாதீர்கள். குளியல், சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் முடிந்தவரை பழைய நேரப்படியே நடக்கட்டும். விபத்துக் காட்சிகள் திரும்பத் திரும்ப வரும்போது டெலிவிஷனை நிறுத்திவிடுங்கள்.

பேச வராத குழந்தையிடம் காகிதமும் கலர் பென்சிலும் கொடுங்கள். சுனாமிக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தபோது, படம் வரைவதும் விளையாட்டும்தான் குழந்தைகளின் மனதைத் திறக்கும் வழிகளாக இருந்தன. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலை ஒன்றும் கொடுங்கள். 'என்னாலும் முடியும்' என்ற எண்ணம் அதில்தான் துளிர்க்கும்.

ஒரு மாதமாகியும் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், விளையாடாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். 'செத்துடலாம் போல இருக்கு' என்று சொன்னால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

உங்களுக்கும் அழுகை வருமே? அழுங்கள், தப்பில்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா உலை வைப்பதைக் குழந்தை பார்க்கிறது. நாளை என்று ஒன்று உண்டு என்பதை அது அங்கேதான் தெரிந்துகொள்கிறது.