கிராமத்துக்கு வந்த ஓய்வூதியம்

மதுரைக் கல்லூரி ஒன்றில் 34 ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற நான், நகரத்து வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, டி.கல்லுப்பட்டிக்கு அருகே ஒரு கரிசல் கிராமத்தில் ஓர் ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறினேன். அது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவ்வாறே புறப்பட எண்ணும் நண்பர்கள் அடிக்கடி தொலைபேசியில் அழைக்கிறார்கள். காற்று எப்படி, மருத்துவமனை எவ்வளவு தூரம், இணைய வசதி உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். நாம் போய்ச் சேருவதால் அந்தக் கிராமத்துக்கு என்ன நேர்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. குடியேறும் முன் நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட பொருளியல் அறிஞர் ஒருவர் இதே டி.கல்லுப்பட்டியில்தான் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மனிடம் பொது நிதியியல் படித்தவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அவர் செய்த முதல் பெரும் பணி, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் வட்டத்துக் கிராமங்களின் வரவு செலவை வீடு வீடாகக் கணக்கெடுத்தது. கிராமத்தின் அழகை வியப்பதற்கு முன் அதன் பேரேட்டைத் திறந்து பார்த்தவர் அவர். 1950-களில் இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகளின் நினைவு நாளிலேயே மறைந்தார். ஆசிரம வளாகத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது.

ஜபல்பூர் சிறையில் அவர் எழுதிய நூல் தமிழில் 'நிலைத்த பொருளாதாரம்' என அறியப்படுகிறது. அதில் பொருளாதார வாழ்வை அவர் ஐந்து வகையாகப் பிரிக்கிறார். அடிமட்டத்தில் இருப்பது ஒட்டுண்ணி. பிற உயிரை அழித்தே தான் வாழ்வது. அடுத்தது மாந்தோப்பில் புகும் குரங்கு. மரத்தைக் கொல்வதில்லை, ஆனால் வளர்ப்பதற்கு எதுவும் செய்யாமல் கனியை மட்டும் தின்கிறது. அதற்கு மேல் தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை. கிராமத்தில் குடியேறிய ஓய்வூதியர் இதில் எந்தப் படியில் நிற்கிறார்?

முதலில் நிலத்தின் விலை. ஓர் ஏக்கர் மானாவாரிப் புஞ்சை ஆண்டுக்கு 15,000 ரூபாய் நிகர வருவாய் தருவதாக வைத்துக்கொள்வோம். வட்டி விகிதம் 7.5 விழுக்காடு என்றால், விளைச்சலின் அடிப்படையில் அந்த நிலத்தின் மதிப்பு 2 லட்சம் ரூபாய். நான் கொடுத்தது அதைப்போல் பல மடங்கு. மகளின் திருமணத்துக்காக விற்றவருக்கு அது நல்ல விலைதான்; அவரை ஏமாற்றவில்லை என்று எனக்கும் மனநிறைவு. ஆனால் அன்று முதல் எங்கள் ஊரில் நிலம் வாங்குவோர் அனைவருக்கும் என் விலையே அளவுகோலாயிற்று. உழுது சம்பாதித்த பணத்தில் பக்கத்து வயலை வாங்க எந்த விவசாயியாலும் இனி இயலாது. 2011 கணக்கெடுப்பின்படியே தமிழகத்தில் 100 பேரில் 48 பேர் நகரவாசிகள். திருப்பூருக்கும் சென்னைக்கும் இளைஞர்கள் ஏறிப்போகும் அதே பேருந்தில்தான் நாங்கள் வந்து இறங்குகிறோம்.

அடுத்தது பணத்தின் போக்கு. பெருக்கி விளைவு என்னும் கருத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியவன் நான். வெளியிலிருந்து வரும் ஒரு ரூபாய் உள்ளூரில் கைமாறக் கைமாறத்தான் ஊர் வளரும். ஆனால் முதல் ஆண்டு என் ஓய்வூதியத்தில் 100 ரூபாய்க்கு 20 ரூபாய்கூட ஊரில் தங்கவில்லை என்பதை என் குறிப்பேடு காட்டியது. அரிசி மதுரைப் பல்பொருள் அங்காடியிலிருந்து. மற்றவை இணையத்தில் வாங்கியவை. தெருவில் பசு வைத்திருப்பவர் இருக்க, பாலைக்கூட உறையில் வாங்கிக்கொண்டிருந்தேன்! இதைத் திருத்துவது எளிது, திருத்திக்கொண்டேன்.

எளிதில் திருத்த முடியாதது தண்ணீர். எங்களுடையது கடும்பாறைப் பகுதி. மழைநீர் மேலே சிதைந்த பாறையிலும் கீழே அதன் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். திறந்த கிணறும் ஆழ்துளைக் கிணறும் பெரும்பாலும் ஒரே சேமிப்பிலிருந்துதான் எடுக்கின்றன. நான் 600 அடி துளைத்து, ஆசைக்கு நாற்பது தென்னங்கன்றுகள் வைத்தேன். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் 2003-இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டமும் 2013-இல் நீக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது கோடையில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து, வாசலிலேயே நின்றபடி, "வாத்தியாரய்யா, ஒங்க போர் ஓடுற நாள்ல எங் கெணத்துல ஊத்து இல்ல" என்றார். குற்றம்சாட்டும் குரல் இல்லை, நிலவரம் சொன்னார். அவருடைய கிணறு அவர் தந்தை வெட்டியது, 50 அடி. குமரப்பாவின் குரங்கு நினைவுக்கு வந்தது. குரங்காவது மரத்தை விட்டுவைக்கிறது.

தென்னையில் முப்பதைப் பிடுங்கிவிட்டேன். அவர் கிணற்றில் நீர் இறைக்கும் நாள்களில் என் மோட்டாரைப் போடுவதில்லை. கண்மாய் நிறைந்த ஆண்டில் இந்த ஏற்பாடு போதும். நிறையாத ஆண்டில் என்ன செய்வது என்று இருவரும் இன்னும் பேசவில்லை. இதெல்லாம் போதுமா என்றால், போதாது. அந்த ஊற்று பழையபடி திரும்பவில்லை.

வீட்டைச் சுற்றிய பத்து சென்ட் போக மீதி நிலத்தை, எனக்கு விற்றவரிடமே வாரத்துக்கு விட்டிருக்கிறேன். மழை பார்த்துக் குதிரைவாலி விதைக்கிறார். அறுவடையில் என் பங்கை மூட்டையாகக் கொண்டுவந்து திண்ணையில் இறக்குகிறார். பத்திரம் என் பெயரில் பதிவாகி நான்கு ஆண்டுகள் ஆகியும், பேச்சில் அவர் அதை "நம்ம காடு" என்றுதான் சொல்கிறார். நான் திருத்துவதில்லை.