தூண் இருந்தது தப்பித்தது: சட்டமன்றம் விட்டுவந்த வீடுகள்

[எபிசோடின் ஒலிப்பதிவு, வாசிப்புக்கு ஏற்றபடி சுருக்கித் திருத்தப்பட்டது.]

ராசிபுரத்திலிருந்து ஒரு நேயர் அனுப்பிய கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "ராஜாஜி ஹால் என்றால் பெரிய தலைவர்கள் இறந்தால் உடலை வைக்கிற இடம் என்றுதான் டிவியில் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு காலத்தில் சட்டசபை நடந்ததாமே, நிஜமா?"

நிஜம்தான். அங்கே மட்டும் இல்லை. நம்ம சட்டசபை வாடகைக் குடித்தனம் மாதிரி வீடு மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. கோட்டையில்தான் எப்போதும் இருந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். அது விட்டுவந்த வீடுகள் இன்று என்ன நிலையில் இருக்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு. இதெல்லாம் சென்னைக் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீங்க. சேலம், நாமக்கல் பேர் இதில் வழி நெடுக வரும். கோட்டையில் இருக்கும் பத்து மாடித் தலைமைச் செயலகக் கட்டடத்தின் பெயரே நாமக்கல் கவிஞர் மாளிகை. மோகனூரில் பிறந்த மனிதர்.

சரி, வரிசையாகப் போவோம். 1921-ல் தொடங்கிய மாகாண சட்டசபை கோட்டைக்குள் இருந்த கவுன்சில் அறையில்தான் கூடியது. 1926 முதல் 1930 வரை முதன்மை அமைச்சராக இருந்தவர் திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி துணைத் தலைவராக உட்கார்ந்து தேவதாசி முறைக்கு எதிராகப் பேசியதும் அந்த அவையில்தான். அந்தக் கட்டடத்தின் முகப்பில் இருக்கும் கறுப்புத் தூண்கள் பற்றி ஒரு சின்னச் செய்தி. 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்ததும் திரும்பத் தூக்கிவந்தார்கள். சார்னோகைட் என்கிற கல். நம்ம சேர்வராயன் மலையும் அதே இனத்துப் பாறைதான். ஏற்காடு போகிற கொண்டை ஊசி வளைவுகளில் வெட்டுமுகத்தில் பார்த்திருப்பீங்க.

1937-ல் புதுச் சட்டப்படி தேர்தல் நடந்தது. பேரவைக்கு 215 உறுப்பினர்கள். கோட்டை அறை போதவில்லை. அதனால் அந்த ஜூலையில் சேப்பாக்கத்தில், பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸில் கூடினார்கள். பிரதமர் ராஜாஜி. அப்போது முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். சேலத்தில் வக்கீலாக இருந்து, சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்து, பிறகு திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். அவர் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் முதலில் எங்கே அமலானது தெரியுமா? 1937 அக்டோபர் 1, சேலம் மாவட்டம். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. நம்ம தாத்தா பாட்டி காலத்துக் கள்ளுக்கடைகளை மூட வைத்த சட்டம் அந்த செனட் ஹவுஸில் நிறைவேறியது.

1938 ஜனவரியில் அவை அங்கிருந்து கிளம்பி, அரசினர் தோட்டத்தில் இருந்த பாங்க்வெட்டிங் ஹாலுக்குப் போனது. விருந்து மண்டபம். அதுதான் பிறகு ராஜாஜி ஹால். கள்ளுக்கடை மூடியதால் வருமானம் குறைந்தது, அதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. இன்று ஜிஎஸ்டி பற்றிப் புலம்பும் லாரி பாடி பட்டறைக்காரர்களும் ஜவுளிக்காரர்களும் அந்தப் புலம்பலின் ஆதி வீட்டைப் பார்க்க வேண்டுமானால் அண்ணா சாலைக்குத்தான் போகணும்.

இந்த மண்டபத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கட்டியது 1800-க்கும் 1802-க்கும் இடையில். கட்டச் சொன்னவர் கவர்னர் எட்வர்ட் கிளைவ், பிளாசிப் போர் ராபர்ட் கிளைவின் மகன். கிரேக்கக் கோவில் மாதிரி தூண்கள், அகலமான உயரப் படிக்கட்டு. ஒரு முகப்பு அப்பா ஜெயித்த பிளாசிக்கு, இன்னொரு முகப்பு 1799-ல் திப்பு சுல்தான் விழுந்த சீரங்கப்பட்டணத்துக்கு. சேலமும் பாரமகாலும் 1792 உடன்படிக்கையிலேயே திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்துவிட்டன. ஆக, நம்ம ஊர் கைமாறிய சண்டைகளின் கடைசி வெற்றியைக் கொண்டாடக் கட்டிய மண்டபம் அது. அதற்கே 1948-ல், முதல் இந்திய கவர்னர் ஜெனரலான சேலத்து வக்கீலின் பெயரை வைத்தார்கள்.

வடிவமைத்தவர் ஜான் கோல்டிங்ஹாம், சென்னை வானாய்வகத்து வானியலாளர். சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தவரும் அவரே. பிற்காலத்தில் ரயில்கள் பின்பற்றிய மெட்ராஸ் டைம் அந்தக் கணக்கின் வழி வந்ததுதான்.

ஆனால் இந்த மண்டபம் தனியாகக் கட்டப்பட்டது இல்லை. பக்கத்தில் கவர்னர் வீடு இருந்தது. 1753-ல் மதேரோஸ் என்ற போர்ச்சுகீசியக் குடும்பத்திடமிருந்து கம்பெனி வாங்கிய வீடு. கவர்னர் வீட்டில் விருந்தாளிகளை உட்கார வைக்க இடம் போதாமல்தான் இந்த மண்டபமே வந்தது. அந்த வீடு சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமன்ற உறுப்பினர் விடுதியாக இருந்தது. புதிய சட்டமன்ற வளாகம் கட்ட இடம் வேண்டும் என்று அதை இடித்துவிட்டார்கள். அட்மிரால்டி ஹவுஸ் என்ற இன்னொரு பழைய மாளிகையும் கூடவே போனது. வீட்டை இடித்துவிட்டுச் சாப்பாட்டு அறையை மட்டும் விட்டுவைத்த மாதிரி.

இருந்தாலும் என் வருத்தம் அந்த மாளிகை மேல் இல்லை. வேறொரு கட்டடம் மேல்.

1952. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று நடந்த முதல் பொதுத்தேர்தல். 1937-ல் சொத்தும் படிப்பும் வரி ரசீதும் இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. பண்ணையில் வேலை பார்த்தவர், தறியில் உட்கார்ந்தவர், கல் உடைத்த அம்மா, இவர்களெல்லாம் முதல்முறை வரிசையில் நின்றது 1952-ல். ஆந்திரமும் சேர்ந்திருந்ததால் உறுப்பினர்கள் 375 பேர். கோட்டையில் எப்படி இடம் போதும்? அரசினர் தோட்டத்திலேயே புதிதாக ஒரு கட்டடம் எழுப்பி, 1952 மே 3 அன்று அங்கே கூடினார்கள். ராஜாஜி மறுபடி முதலமைச்சர். ஜூலை 3-ல் 200-க்கு 151 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜெயித்தது அங்கே. மறு வருஷம் அவருடைய புதுக் கல்வித் திட்டம், பெரியார் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தாரே, அதைக் கைவிடச் சொன்ன தீர்மானம் 138-க்கு 138 என்று சமமாக நின்றதும் அந்தக் கூரையின் கீழ்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை அரை நாள் அப்பன் தொழிலைப் பார்க்கணுமா வேண்டாமா என்பதற்கு இத்தனை ஓட்டு, அத்தனை ஓட்டு. அந்தத் திட்டம் தங்கியிருந்தால் இதைக் கேட்கிற பலருடைய படிப்பு என்ன ஆகியிருக்கும்?

ஆந்திரம் பிரிந்தது, மொழிவாரி மாநிலம் வந்தது, உறுப்பினர்கள் 205 ஆனார்கள். 1957-ல் அவை கோட்டைக்குத் திரும்பியது. (நடுவில் 1959 ஏப்ரலில் பத்து நாள் ஊட்டி அரண்மூர் மாளிகையிலும் கூடியிருக்கிறார்கள். வெயிலுக்கு யார்தான் போக மாட்டார்கள்.) காலியான கட்டடம் பாலர் அரங்கம் ஆனது, பிறகு கலைவாணர் அரங்கம் ஆனது. நாடகம், பாராட்டு விழா, பட்டிமன்றம் என்று ஓடியது. பிற்பாடு அதையும் இடித்துவிட்டு, அதே பெயரில் புது அரங்கம் கட்டி 2016-ல் திறந்தார்கள்.

ஏன் யாரும் பெரிதாகத் தடுக்கவில்லை? அதில் கிரேக்கத் தூண் இல்லை, குவிமாடம் இல்லை. நாற்காலி போட்ட சாதாரண மண்டபம். நம்ம ஊரில் பாரம்பரியக் கட்டடம் என்றால் வெள்ளைக்காரன் கட்டிய தூண் இருக்கணும், இல்லை ராஜா கட்டிய கோபுரம் இருக்கணும். கட்டடத்துக்குள்ளே என்ன நடந்தது என்பது கணக்கில் வருவதே இல்லை. விருந்து சாப்பிட்ட மண்டபம் நிற்கிறது. எல்லோரும் ஓட்டுப் போட்டு அனுப்பிய முதல் சபை உட்கார்ந்த மண்டபம் இல்லை. செனட் ஹவுஸுக்கு நல்ல காலம்: சிஷோம் கட்டிய அழகு அதற்கு இருந்தது, பல்கலைக்கழகத்தின் 150-வது ஆண்டை ஒட்டி நன்றாகப் பழுதுபார்த்தார்கள்.

பழுதுபார்ப்பது என்றால் என்ன? நிறையப் பேர் பெயிண்ட் அடிப்பது என்று நினைக்கிறோம். இந்தப் பழைய சென்னைக் கட்டடங்கள் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்கள் மேல் சின்னச் செங்கலை நிறுத்திவைத்து அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டுவது. சுவருக்கு மேல் பளிங்கு மாதிரி மின்னும் பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பை நைஸாக அரைத்து, அதில் முட்டை வெள்ளைக்கரு, தயிர் எல்லாம் சேர்த்துத் தேய்ப்பார்கள். முட்டை என்றதும் நாமக்கல்காரர்கள் நிமிர்ந்து உட்காருவது இங்கிருந்தே தெரியுது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, உப்புப் பூத்து, செங்கல் பொடியாகிவிடும். பழைய சுவருக்கு நாம் நல்லது என்று செய்வதே அதைச் சாகடிக்கிற கதை இதுதான். உங்கள் ஊரில் பழைய காரை வீடு இருந்து, அடிச்சுவரில் சிமெண்ட் பூசிய பிறகு பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது என்றால் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

சட்டப் பாதுகாப்பு? தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பல வருஷம் ஆனது. அதற்குள் போனது போனதுதான்.

கடைசி வீடு, எல்லோருக்கும் தெரிந்தது. ஓமந்தூரார் தோட்டத்தில், அந்தப் பழைய கவர்னர் வீட்டு வளாகத்திலேயே, ஜெர்மன் நிறுவனம் வடிவமைத்த வட்டமான கட்டடம். 2010 மார்ச் 13-ல் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். மேலே குவிமாடம் முடியாததால் விழாவுக்கு செட் போட்டது தோட்டா தரணி. சினிமாவும் அரசியலும் நம்ம மாநிலத்தில் எங்கெல்லாம் சந்திக்கின்றன பாருங்க. பேரவை அங்கே நடந்தது 2010 மார்ச் 19 முதல் 2011 பிப்ரவரி 10 வரை. ஆட்சி மாறியதும் கோட்டைக்கே திரும்பிவிட்டது. 2014 பிப்ரவரியில் அந்தக் கட்டடம் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அங்கே போய்வந்தவர்கள் நம்ம நேயர்களிலேயே இருப்பார்கள். சட்டசபைக்கென்று வரைந்த கட்டடத்தை ஆஸ்பத்திரி ஆக்கியது வீண் செலவா என்றால், மாற்றியதில் செலவு இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் பூட்டிவைத்துப் புறா அடைய விடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல் என்பது என் கட்சி.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. 2020 செப்டம்பர், கொரோனா காலம். 234 பேரை இடைவெளி விட்டு உட்கார வைக்கக் கோட்டையில் இடமில்லை. எங்கே கூடினார்கள்? புதுக் கலைவாணர் அரங்கத்தில். 1952-ல் இடம் போதாமல் கூடிய அதே தோட்டத்தில், அதே காரணத்துக்காக. பழைய மண்டபம் மட்டும் அங்கே இல்லை.

அடுத்த எபிசோடில் சங்ககிரிக் கோட்டை ஏறுகிறோம். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கோங்க.