சோளப்பொரிக் கருவியினால் கோப்பிக்கொட்டை வறுத்தல்

கண்டி நகரைச் சூழ்ந்த வீட்டுத்தோட்டங்களிலே மிளகு, கராம்பு, சாதிக்காய், கமுகு, பலா ஆகியவற்றினிடையே கோப்பிச் செடிகள் நிற்பதை யாவரும் கண்டிருப்பர். ஆயினும் அத்தோட்டங்களுக்குரியோரிற் பலர், தம் கோப்பியைக் காய்ந்த பழமாகவே வியாபாரியிடம் விற்றுவிட்டு, வீட்டுத் தேவைக்குக் கடையிற் கோப்பித்தூள் வாங்குகின்றனர். இதற்குக் காரணம் வினவின், "நாம் வறுத்தால் கருகிவிடுகின்றது, கசப்பன்றி வேறு சுவையில்லை" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடையாகும். இக்குறையை எளிதில் நீக்கலாம். அதற்குரிய ஒரு முறையை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

கண்டியும் கோப்பியும்

இலங்கையிற் கோப்பித் தோட்டப் பயிர்ச்செய்கை கண்டிப் பகுதியிலேயே வேரூன்றியது. 1820 ஆம் ஆண்டுகளிற் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்காபிட்டியாவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் அவர்களும் கோப்பித் தோட்டங்களை நிறுவினர். அத்தோட்டங்களிற் பழம் பறிப்பதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் காடும் மலையும் கடந்து கால்நடையாக வந்தனர். 1869 ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் இந்நாட்டிற் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பெருந்தோட்டங்களிற் கோப்பி அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பெற்றது. எனினும் வீட்டுத்தோட்டங்களிற் கோப்பி முற்றாக மறையவில்லை. இன்று இப்பகுதித் தோட்டங்களிற் பெரிதும் காணப்படுவது ரொபஸ்ரா வகையாகும். குளிர்ந்த உயர்நிலங்களுக்கு அராபிக்கா வகை ஏற்றது.

வறுத்தலின் முக்கியத்துவம்

ரொபஸ்ராச் செடியிற் பூ மலர்ந்து பழம் கனிய ஏறக்குறைய 10 மாதங்கள் செல்லும். அதன்பின் பறித்தல், உலர்த்தல், குற்றுதல், புடைத்தல் ஆகிய வேலைகள் உள. ஏறக்குறைய 5 கிலோகிராம் பழத்திலிருந்தே 1 கிலோகிராம் பச்சைக்கொட்டை கிடைக்கின்றது. இவ்வளவு காலமும் உழைப்பும் சேர்ந்த பொருள், வறுக்கும்போது கடைசி ஒரு நிமிடக் கவனக்குறைவினாற் கரியாகிவிடலாம். ஆகவே, வறுத்தலிற் கற்கவேண்டியது யாதெனில், எவ்வாறு சூடேற்றுவது என்பதனைவிட, எப்பொழுது நிறுத்துவது என்பதேயாம்.

கருவி எவ்வாறு தொழிற்படுகின்றது?

‘பொப்கோன்’ எனப்படும் சோளப்பொரியைச் செய்வதற்கான சிறு மின்கருவி இன்று சில இல்லங்களிற் காணப்படுகின்றது. கடையில் வாங்கியோரும் உளர். வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பப் பெற்றோரும் உளர். இக்கருவியின் அடியில் ஒரு மின்விசிறியும் சூடாகும் கம்பிச்சுருளும் அமைந்துள்ளன. விசிறி தள்ளும் காற்றுச் சுருளிற் சூடாகி, மேலேயுள்ள உலோகக் கிண்ணத்தினுட் புகுந்து, அங்குள்ள மணிகளைச் சுழற்றுகின்றது.

இரும்புத் தாச்சியில் வறுக்கும்போது, தாச்சியைத் தொடும் பக்கம் விரைவிற் கருகுகின்றது; மறுபக்கம் வேகாதிருக்கின்றது. இடைவிடாது கிளறினாலன்றி இவ்வேற்றுமை நீங்காது. சூடான காற்றினால் வறுக்கும்போதோ, மணிகள் ஓயாது சுழல்வதால் ஒவ்வொரு மணியின் எப்பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பம் படுகின்றது. மேலும், கொட்டையிலிருந்து கழலும் மெல்லிய உட்தோலைக் காற்றே வெளியே ஊதிவிடுகின்றது. உட்தோல் தங்கிக் கருகினால் கோப்பியிற் புகைநாற்றம் ஏறும்.

கருவியைத் தெரிதல்

முதலாவதாக, கிண்ணத்தின் உட்பக்கத்தை நோக்குக. காற்றுப் புகும் கீறல்கள் பக்கச்சுவரிற் சாய்வாக அமைந்திருத்தல் வேண்டும். அடித்தளத்தில் வலைபோன்ற துவாரங்களுள்ள கருவியைக் கோப்பிக்குப் பயன்படுத்தலாகாது. உட்தோல் அவ்வலையினூடாக விழுந்து சூடான சுருளிற் பட்டுத் தீப்பற்றக்கூடும்.

இரண்டாவதாக, இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று அழுத்தமுடையது. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வீட்டுக்கருவிகள் ஏறக்குறைய 120 வோல்ற்றுக்கு அமைக்கப்படுகின்றன. அத்தகைய கருவியை நேரே எமது மின்சாரத்துடன் இணைத்தால் சுருள் எரிந்துவிடும். எனவே, கருவியின் அடியில் எழுதப்பட்டுள்ள அளவைப் பார்த்த பின்னரே செருகியைச் செருகுதல் வேண்டும்.

மூன்றாவதாக, இக்கருவி சோளத்திற்கென ஆக்கப்பட்டதேயன்றிக் கோப்பிக்கென ஆக்கப்பட்டதன்று. கோப்பிக்குக் கூடிய வெப்பமும் நேரமும் தேவைப்படுவதால் அதன் ஆயுள் குறையக்கூடும். இதனை அறிந்தே பயன்படுத்துதல் நன்று.

கொட்டையை ஆயத்தஞ்செய்தல்

கெட்ட கொட்டையை எவ்வளவு திறமையாக வறுப்பினும் நல்ல கோப்பி கிடையாது. நன்கு சிவந்த பழங்களை மாத்திரம் பறித்து, நிலத்தில் நேரே பரப்பாது, பாயிலோ உயர்த்திய தட்டிலோ மெல்லிய படையாகப் பரப்பி உலர்த்துக. நாடோறும் பலமுறை கிளறுதலும், மழைக்கும் இரவுப் பனிக்கும் மூடிவைத்தலும் அவசியம். குலுக்கும்போது உள்ளே கொட்டை கலகலவென ஒலிப்பது காய்ந்தமைக்கு அடையாளமாகும். பின்னர் உரலிற் குற்றிச் சுளகாற் புடைத்து எடுக்கும் பச்சைக்கொட்டையில் ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருத்தல் நன்று.

கறுத்தவை, உடைந்தவை, வண்டு துளைத்தவை, பூஞ்சணம் பிடித்தவை ஆகியவற்றைக் கையாற் பொறுக்கி அகற்றுக. பூஞ்சணத்தினால் உண்டாகும் நச்சுப்பொருள் வறுப்பதனால் முற்றாக நீங்குவதில்லை. ஆதலால், "வறுத்தாற் போய்விடும்" என எண்ணி அவற்றைச் சேர்த்தலாகாது.

வறுக்கும் முறை

(1) மழை படாத திண்ணையிலோ திறந்த சாளரத்தின் அருகிலோ கருவியை வைக்குக. புகையும் உட்தோலும் பறக்குமாதலின், திரைச்சீலை, காகிதம், எண்ணெய் ஆகியன அருகில் இருத்தலாகாது. சிறுவர்களைத் தூரத்தே நிறுத்துக.

(2) ஏறக்குறைய 80 கிராம் பச்சைக்கொட்டையை இடுக. கொட்டைகள் மெதுவாய்ச் சுழலுமளவே சரியான அளவாகும். அசையாது கிடந்தால் அளவு கூடியது. தாவிக் குதித்தால் குறைந்தது. முதல் ஒரு நிமிடத்தில் நீண்ட மரக்காம்பினாற் சிறிது கிளறிவிடலாம்.

(3) முதலில் மணிகள் பச்சைநிறம் மாறி மஞ்சளாகும். வைக்கோலின் மணம் எழும். இப்பொழுது உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகின்றது.

(4) பின்னர் மண்ணிறமாகும். பாண் சுடும்போது எழுவதைப் போன்ற மணம் தோன்றும். உட்தோல் கழன்று பறக்கும்.

(5) மணியின் வெப்பம் ஏறக்குறைய 200 பாகை செல்சியசை அடையும்போது, காய்ந்த சுள்ளி முறிவதைப் போன்ற ஒலி கேட்கும். இது முதல் வெடிப்பாகும். உள்ளே அடைபட்ட நீராவியும் வாயுவும் மணியைப் பிளந்து வெளியேறுவதே இதற்குக் காரணம். இவ்வேளையில் மணி பருமனிற் கூடுகின்றது. இதற்கு முன் நிறுத்தினால் கோப்பி புளித்துப் பச்சை வாடை வீசும்.

(6) முதல் வெடிப்பு ஓய்ந்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் நிறுத்தினால் நடுத்தர வறுவல் கிடைக்கும். வீட்டுப் பாவனைக்கு இதுவே பொருத்தமானது.

(7) மேலும் சூடேற்றினால், ஏறக்குறைய 225 பாகையில், கடுகு வெடிப்பதைப் போன்ற நுண்ணிய இரண்டாம் வெடிப்புத் தொடங்கும், மணியின் மேல் எண்ணெய் கசியும், புகை கூடும். கசப்பை விரும்புவோர் அவ்வொலி தொடங்கியவுடன் நிறுத்துக. அதற்கப்பாற் செல்வது கோப்பியைக் கரியாக்குவதுடன் தீப்பற்றவும் இடமளிக்கும்.

நேரத்தை நம்பலாமா?

இவ்வேலை முழுவதும் ஏறக்குறைய 5 முதல் 8 நிமிடங்களில் முடியும். ஆயினும் கடிகாரத்தை மாத்திரம் நம்புதல் தவறாகும். மாலையிற் பல வீடுகளில் மின்சாரம் ஒருங்கே பயன்படும்போது அழுத்தம் குறைந்தால் சுருளின் சூடும் குறையும். குளிர்ந்த காலையில் ஒரு நேரமும், வெயிலேறிய பகலில் வேறொரு நேரமும் செல்லும். நிறம், மணம், ஒலி ஆகிய மூன்றுமே உண்மையான அடையாளங்களாம். விசிறியின் இரைச்சலில் வெடியொலி தெளிவாய்க் கேளாதவிடத்து நிறத்தையும் மணத்தையும் கொண்டு தெரிந்துகொள்க.

இது என் சொந்த அனுபவத்திற் கற்ற பாடமுமாகும். ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் இம்முறையைச் செய்துகாட்டச் சென்றிருந்தேன். முதல் நாள் என் வீட்டில் ஏழு நிமிடம் சென்றது. ஆதலால் அங்கும் ஏழு நிமிடமே செல்லும் என்றெண்ணி, கருவியைப் பாராது பேசிக்கொண்டு நின்றேன். ஐந்தாம் நிமிடத்தில், பின்வரிசையிலிருந்த முதிய தாயொருவர், "தம்பி, பேச்சை விட்டுவிட்டுக் கோப்பியைப் பாருங்கள்; மணம் மாறிவிட்டது" என்றார். திரும்பிப் பார்த்தபோது மணிகள் கறுத்து எண்ணெய் மினுங்கின. அன்று வீணானது, அவ்வீட்டார் ஒரு வருடம் பேணிய செடியின் 400 கிராம் பழத்திற்குச் சமமான கொட்டையாகும். அத்தாய் நாற்பது வருடமாகத் தாச்சியில் வறுத்தவர். அவரது மூக்கு அறிந்ததை என் கடிகாரம் அறியவில்லை. இரண்டாம் முறை அவரையே அருகில் அமர்த்தி, அவர் சொன்ன கணத்தில் நிறுத்தினேன். அக்கோப்பியை அனைவரும் விரும்பிப் பருகினர்.

ஆறவிடுதல்

ஆளியை மூடியவுடன் வேலை முடிந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. சூடான மணிகள் கிண்ணத்தில் கிடந்தால் தம் வெப்பத்தினாலேயே மேலும் வறுபடும். எனவே, கையைத் தடித்த துணியினாற் காத்துக்கொண்டு, உடனே உலோக அரிதட்டிற் கொட்டி, விசிறியின் முன் அசைத்தோ, இரு தட்டுகளுக்கிடையே மாற்றி மாற்றிக் கொட்டியோ, நான்கு நிமிடத்துக்குள் ஆற்றிவிடுக. நீர் தெளித்தலாகாது. அடுத்த முறைக்கு முன் கருவியையும் ஏறக்குறைய 20 நிமிடம் ஆறவிடுதல் வேண்டும்.

தவறித் தீப்பற்றினால் சுவரிலுள்ள ஆளியை மூடிச் செருகியைக் கழற்றி, கிண்ணத்தை உலோக மூடியால் மூடுக. மின்கருவியின் மேல் நீர் ஊற்றலாகாது. வறுத்து முடியும்வரை கருவியை விட்டு அகலாதிருப்பதே சிறந்த காப்பாகும்.

வைப்பும் பாவனையும்

80 கிராம் பச்சைக்கொட்டை, நடுத்தரமாக வறுத்தபின் ஏறக்குறைய 68 கிராமாகும். வறுத்த மணியிலிருந்து கரியமில வாயு வெளியேறுமாதலின், முதல் நாள் போத்தலின் மூடியை இறுக்காது வைத்து, மறுநாள் இறுக மூடுக. இரண்டு வாரங்களுக்குள் உபயோகித்து முடித்தலும், வேண்டியபோது வேண்டிய அளவை மாத்திரம் அரைத்தலும் நன்று. பச்சைக்கொட்டையோ ஈரமற்ற இடத்திற் பல மாதங்கள் கெடாதிருக்கும். ஆதலின் வாரந்தோறும் சிறிது சிறிதாக வறுத்துக்கொள்ளலாம்.

மல்லி, சுக்கு முதலியன சேர்த்து அருந்துவோர் அவற்றைத் தனியே தாச்சியில் வறுத்துச் சேர்த்துக்கொள்க. அவற்றைக் கருவியில் இடலாகாது.

கருவி இல்லாதோர்

இக்கருவி இல்லையெனக் கவலற்க. இதற்கெனக் கடன்பட்டு வாங்கவும் வேண்டியதில்லை. கனத்த தாச்சியை மிதமான நெருப்பிலேற்றி, இடைவிடாது கிளறி, ஏறக்குறைய 15 முதல் 20 நிமிடம் வறுத்தாலும் நல்ல கோப்பி பெறலாம். மஞ்சள் நிறம், மண்ணிறம், முதல் வெடிப்பு என்னும் அதே அடையாளங்கள் அங்கும் தோன்றும். விசிறியின் இரைச்சல் இன்மையால் வெடியொலி தெளிவாகவும் கேட்கும். நிறுத்தவேண்டிய கணத்தை அறிந்தவருக்குத் தாச்சியும் கருவியும் ஒன்றே.

இவ்வாண்டு அறுவடையில் ஒரு கிலோகிராம் பச்சைக்கொட்டையையேனும் விற்காது வீட்டில் வைத்துக்கொள்க. பன்னிரண்டு முறை வறுக்க அது போதும். முதல் இரு முறை தவறினும் மனந்தளர வேண்டாம். ஒவ்வொரு முறையும் நிறுத்திய வேளையின் நிறத்தையும் சுவையையும் ஒரு கொப்பியிற் குறித்துவருக. பன்னிரண்டாம் முறை முடியுமுன் உங்கள் கண்ணும் மூக்கும் செவியும் இத்தொழிலைக் கற்றுவிடும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.