காற்றின் விளைச்சல் யாருக்கு?

மழையில் பெரும்பகுதியை மலையாளக் கரையிலேயே சொரிந்துவிட்டு, வெறும் வேகத்தை மட்டும் சுமந்துகொண்டு ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே பாய்ந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றினால், முப்பந்தலைச் சுற்றியுள்ள மானாவாரி நிலத்துக்கு நேர்ந்த லாபம் முற்காலத்தில் சொற்பமே. அந்த வேகமே விலைபோகக்கூடிய பண்டம் என்பதற்கு, 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் நிறுவப்பட்ட 55 கிலோவாட் காற்றாலைகள் முதல் அத்தாட்சியாயின. பின்னர் செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் முகப்புகளிலும் காற்றாலைகள் பெருகி, இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது.

இதற்கு மூலதனம் இட்டவர்களில் பஞ்சாலை முதலாளிகள் பிரதானமானவர்கள். தென்கோடியில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பிகள் வழியே, அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தி, தொலைவிலுள்ள தங்கள் ஆலைகளுக்கே கொண்டுசெல்லும் வசதி அவர்களுக்கு வாய்த்தது.

உள்ளூராருக்கு வாய்த்த ஜீவனோபாயம் எத்தகையது? அஸ்திவாரம் தோண்டுவதும், கிரேன் கொண்டு கோபுரம் நிறுத்துவதும் சில மாதங்களில் முடிந்துபோகும் வேலைகள். நிலைத்திருப்பவை காவலும் பராமரிப்பும் மட்டுமே. காற்றுச் சீசன் ஓய்ந்த மாதங்களில் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, போல்ட்டுகளை முடுக்கி, கியர்பாக்ஸின் எண்ணெயை மாற்றி, இறகின் விரிசலைப் பூசி வைத்தால்தான், ஆடிக்காற்றில் ஒரு நாளும் வீண்போகாமல் இயந்திரம் சுழலும். இதற்கு ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த இளைஞர்கள் தேவைப்படுகிறார்கள்.

ஆனால் சம்பளம் ஒரு பங்கு. உடைமை வேறொரு பங்கு. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய்ச் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006-இல் சொந்தமாக்கிக்கொண்டது. காற்று மிகுந்த உடுமலைப் பக்கத்தில் அதை நிறுவி, தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று வருமானம் கண்ட அந்த ஊராட்சி, கிராமம் கூலிக்கு மட்டுமன்றி லாபத்துக்கும் உரியதாகலாம் என்பதைக் கணக்கெழுதியே நிரூபித்தது.

இந்த உடைமைப் பங்கு விஷயம் இப்போது அவசரமாகியிருக்கிறது. தொண்ணூறுகளில் நிறுவப்பட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் முதுமை எய்திவிட்டன. அவற்றை அகற்றிவிட்டு, 2,000 கிலோவாட்டுக்கும் மேற்பட்ட இயந்திரங்களை நிறுத்தும் காலம் வந்திருக்கிறது. பல சிறிய காற்றாலைகளின் வேலையை ஒன்றே செய்யுமிடத்து, காவலுக்கு வேண்டிய ஆட்கள் குறைவார்கள். மின்னணுக் கருவிகளைப் பழுதறிந்து சீர்செய்யும் தேர்ச்சி பெற்றவர்களுக்கே மதிப்பு கூடும். அந்தத் தேர்ச்சியை அக்கம்பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் அளிப்பதும், புதுப்பிக்கப்படும் காற்றாலைகளில் ஊராட்சிகளுக்கு ஒரு பங்கை ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பதும் இத்தருணத்தில் செய்யத்தக்க காரியங்கள். ஒரு முறை நிறுத்திய இயந்திரம் இருபது ஆண்டுகள் நிற்குமாதலால், இப்போது கைவிட்ட பங்கைக் கேட்டுப் பெற அடுத்த தலைமுறைதான் வரவேண்டியிருக்கும்.