கரும்பு டிரெய்லரும் சிவப்பு ஸ்டிக்கரும்

திருமழபாடி, திருமானூர், கீழப்பழுவூர் வட்டாரத்தில் இரவு லாரி ஓட்டுகிறவருக்கு, எதிரே வரும் சுண்ணாம்புக்கல் லாரியைவிட முன்னால் ஊர்ந்துபோகும் கரும்பு டிராக்டர்தான் பெரிய கண்டம். லாரிக்கு விளக்காவது எரியும். டிரெய்லரின் பின்லைட்டைத் தொங்கும் தோகை மறைத்துவிடும்.

எதிர்வண்டி டிம் போடாமல் கடந்தால் கண் கூசும். பார்வை தெளியச் சில விநாடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 17 மீட்டர். மூன்று விநாடி கூசினால், எதையும் சரியாகப் பார்க்காமலே 50 மீட்டர் போயாயிற்று. பாரவண்டி பிரேக் பிடித்து நிற்க அதற்குமேல் இன்னொரு 50 மீட்டராவது வேண்டும். வயது ஏற ஏறக் கூச்சம் கூடும். முன்கண்ணாடியில் சிமெண்ட் தூசி படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் நம்மூரில் உண்டு, இன்றைய எல்.இ.டி. வெளிச்சத்துக்கு அது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பின்லைட் இல்லாத வண்டியைக் காட்டிக்கொடுப்பது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர். சாதாரண பெயின்ட் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். சாய்ந்த கண்ணாடி வேறெங்கோ திருப்பிவிடும். ஸ்டிக்கருக்குள் இருப்பவை நுண்ணிய கண்ணாடி மணிகள், அல்லது மூன்று முகங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த பட்டகங்கள். மூன்று முகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி, வந்த திசைக்கே போய்விடும். 1969-இல் அப்போலோ 11 நிலவில் வைத்துவிட்டு வந்த கருவியும் இதே வகைதான். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் அதில் பட்டு இன்றும் திரும்பி வருகிறது. இருட்டில் மாட்டின் கண் மின்னுவதற்கும் விழித்திரைக்குப் பின்னாலுள்ள இப்படியொரு படலமே காரணம்.

லாரிக்காரருக்கு மட்டும் இதில் ஒரு குறை. ஒளி திரும்புவது ஹெட்லைட்டை நோக்கி. அவர் உட்கார்ந்திருப்பதோ அதற்கு வெகு மேலே. கார் ஓட்டுநருக்குப் பளிச்சென்று தெரியும் ஸ்டிக்கர் அவருக்குச் சற்று மங்கலாகவே தெரியும். அதில் சேறும் அப்பியிருந்தால் தெரியவே தெரியாது.

மோட்டார் வாகன விதிப்படி பாரவண்டிகளுக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை வேண்டும். கரும்பு ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாரம் கட்டி முடித்ததும் தோகைக்கு வெளியே தெரியும்படி ஒரு சிவப்புப் பட்டையைக் கட்டுங்கள், சாலையில் ஏறுமுன் ஈரத்துணியால் அதைத் துடையுங்கள்.